அம்மாவின் கையில் இருக்கும் வேலையை வாங்கிக்கொள்ளாதீர்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு 73 வயது. சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு தாமான் வீட்டுக்கு வந்து சில வருஷங்கள் ஆகின்றன. இரண்டு வருஷத்துக்கு முன் அல்சைமர் மறதி நோய் என்று சொல்லி ஈப்போவில் டொனெபெசில் மாத்திரை கொடுத்தார்கள். இனிப்பு நீர் மாத்திரையும் சாப்பிடுகிறார். இப்போது குளிக்கக் கூப்பிட்டால் கத்துகிறார். சட்டை மேல் சட்டை போடுகிறார். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுகிறார். விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பது) நேரமாச்சு என்கிறார். நானே குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டி விடுகிறேன். மாத்திரையால் ஒரு பிரயோஜனமும் இல்லை, நிறுத்திவிடு என்கிறான் கேஎல்லில் இருக்கும் தம்பி. தெரிந்தவர் ஒருவர் மூளைக்கு நல்லது என்று 280 ரிங்கிட் டப்பா ஒன்றை வாங்கச் சொல்கிறார். அம்மா தன் வேலையைத் தானே செய்துகொள்ள ஏதாவது சிகிச்சை உண்டா, அக்கா?
(வாசகி, சுங்கை சிப்புட்)

அன்புத் தங்கைக்கு,

உண்டு. நோய்க்கு முன்பு இருந்த நிலைக்கு அம்மாவைக் கொண்டுபோகும் சிகிச்சை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் இன்று அவரால் முடிகிற வேலைகள் இன்னும் கொஞ்ச காலம் அவரிடமே இருக்கும்படி செய்யலாம். போய்விட்டது என்று நீங்கள் நினைக்கும் ஒன்றிரண்டு வேலைகள் திரும்பி வரவும் கூடும்.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். மலாயில் ஜூருபூலே சாராகெர்ஜா என்று அறைக் கதவில் எழுதியிருப்பார்கள். குளிப்பது, உடுத்துவது, சமைப்பது, நடமாடுவது என்று ஒரு மனிதரின் அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்ய வைப்பதுதான் எங்கள் தொழில். உங்கள் கடிதத்தில் "நானே குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டி விடுகிறேன்" என்ற வரியில்தான் நான் அதிக நேரம் நின்றேன். அன்பினாலும் அவசரத்தினாலும் செய்கிறீர்கள், வேலைக்குப் போகிற பெண்ணுக்கு வேறு வழி தெரிவதில்லை, புரிகிறது. இருந்தாலும் சிகிச்சை தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

அல்சைமர் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் எடுத்துக்கொள்வதில்லை. புதிதாக நடப்பதை நினைவில் வைப்பது முதலில் போகிறது. அடுத்து, ஒரு வேலையை எங்கே தொடங்கி எந்த வரிசையில் முடிப்பது என்கிற திட்டம் கலைகிறது. பல வருஷம் செய்து செய்து கைக்குப் பழகிப்போன அசைவுகள்தான் அதிக நாள் தங்குகின்றன. முப்பது வருஷம் மரப்பட்டையைக் காயப்படுத்தாமல் மெல்லிசாகச் சீவிய கை அது. சோறு பிசைவது, சேலை மடிப்பது, கீரை ஆய்வது, வாசல் கூட்டுவது எல்லாம் அந்தக் கையில் இன்னும் இருக்கும். தொடங்கி வைக்கத்தான் ஆள் தேவை. தொடங்கத் தெரியவில்லை என்பதைப் பார்த்து, செய்யவே தெரியவில்லை என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறோம். சில மாதம் அவர் கை சும்மா இருந்தால் நோய் இன்னும் தொடாத திறமையும் போய்விடுகிறது.

குளியலை எடுத்துக்கொள்வோம், அதுதான் உங்கள் வீட்டில் பெரிய சண்டை. தாமான் வீட்டுக் குளியலறையில் சுவரில் ஷவர் இருக்கும் என்று நினைக்கிறேன். அம்மா வாழ்நாளில் பெரும்பகுதி கைலியை நெஞ்சு வரை கட்டிக்கொண்டு, சிமெண்டுத் தொட்டியிலிருந்து காயோங் என்ற கைப்பிடிக் குவளையால் மொண்டு மொண்டு ஊற்றிக் குளித்தவர். இப்போது அவரை உடையில்லாமல் நிற்க வைத்து, மேலிருந்து திடீரென்று தண்ணீர் கொட்டினால், அது எங்கிருந்து வருகிறது என்று அவர் மூளையால் கணக்குப் போட முடியாது. பயந்துதான் கத்துகிறார். தன்னை யாரோ அவிழ்க்கிறார்கள் என்ற கூச்சமும் அதில் சேர்ந்திருக்கும்.

ஷவரை விட்டுவிடுங்கள். ஒரு பெரிய வாளி, வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு காயோங், முதுகு சாய்த்து உட்காரும்படி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, காலுக்கு வழுக்காத ரப்பர் பாய். சுவரில் கைப்பிடி பொருத்த முடிந்தால் நல்லது. துண்டுக் கம்பியைக் கைப்பிடியாக நம்ப வேண்டாம், எடை தாங்காது. கைலியைக் கட்டிக்கொண்டே குளிக்கட்டும். காயோங்கை அவர் கையில் கொடுத்து, வாளியைக் காட்டி, "காலுக்கு ஊத்துங்கம்மா" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அந்த நேரம் அவருக்குத் தேவை. நாம் மூன்று எண்ணுவதற்குள் காயோங்கை வாங்கிவிடுகிறோம். பத்து எண்ணியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் நீங்கள் மொள்ளுவது போலக் கையசைத்துக் காட்டுங்கள். அதற்கும் அசையாவிட்டால் அவர் கைக்கு அடியில் உங்கள் கையை வைத்து முதல் தடவை சேர்ந்து ஊற்றுங்கள். இரண்டாம் தடவை பெரும்பாலும் கை தானே போகும். வார்த்தை, சைகை, தொடுகை என்ற இந்த வரிசையில் எது போதுமோ அதோடு நிறுத்திக்கொள்வதுதான் எங்கள் பயிற்சியின் அடிப்படை.

சோப்பை எடுங்க, முதுகு தேய்ங்க, தலையைக் குனிங்க என்று ஒரே மூச்சில் சொல்லாதீர்கள். ஒரு வாக்கியத்தில் ஒரு வேலை. தப்பாகச் செய்ய விட்டுத் திருத்துவதும் வேண்டாம். நமக்குத் தவறு பாடமாகும், அவருக்கோ செய்த தவறே கையில் பதிந்துவிடும். தப்பு நடப்பதற்கு முன்பே அடுத்த படியைக் காட்டிவிடுங்கள். தினமும் குளித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. முரண்டு பிடிக்கிற நாளில் முகம், அக்குள், தொடையிடுக்கு துடைத்தால் போதும். தோட்டத்தில் அவர் குளித்தது வேலை முடிந்து வந்த மத்தியானத்தில் என்றால், காலையில் குளிக்க வைக்கப் போராடுவது ஏன்? உங்கள் வேலை நேரம் இடம் கொடுக்கிற நாட்களிலாவது அந்த நேரத்துக்கு மாற்றிப் பாருங்கள்.

உடுத்துவதில் இவ்வளவு சிக்கல் இல்லை. அலமாரியில் நிறையத் துணி தெரிந்தால் எதை எடுப்பது, எதை ஏற்கெனவே போட்டுவிட்டோம் என்பது குழம்பும். அன்றைக்குப் போட வேண்டியதை மட்டும், போட வேண்டிய வரிசையில் கட்டில் மேல் வையுங்கள், மற்றதைக் கண்ணில் படாமல் பூட்டிவிடுங்கள். முழுவதும் முடியவில்லை என்றால் கடைசிப் படியையாவது அவருக்கு விடுங்கள். நீங்கள் சட்டையை மாட்டிவிட்டு, கடைசிப் பொத்தானை அவர் போடட்டும். சில நாளில் கடைசி இரண்டு பொத்தான். முடித்தது தானே என்ற உணர்வு அவருக்குக் கிடைக்கும்.

சாப்பாட்டில் முதலில் தட்டைப் பாருங்கள். வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு வைத்தால், நோயால் நிறங்களைப் பிரித்தறியும் பார்வை குறைந்தவருக்குச் சோறே சரியாகத் தெரியாது. 2004-ல் அமெரிக்காவில் முற்றிய அல்சைமர் உள்ளவர்களுக்கு அடர் நிறத் தட்டும் கோப்பையும் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வில், அவர்கள் சாப்பிட்ட அளவும் குடித்த அளவும் கூடின. நீங்கள் சிவப்புத் தட்டு வாங்கலாம், வாழையிலையே போடலாம். கரண்டி வேண்டாம், கையால் சாப்பிடட்டும். எல்லாக் கறியையும் ஒன்றாக வைக்காமல் ஒவ்வொன்றாக வையுங்கள், டிவியை அணையுங்கள், நீங்களும் எதிரே உட்கார்ந்து சாப்பிடுங்கள். உங்களைப் பார்த்து அவர் கை தொடரும். பாதியில் எழுந்தால் ஊட்டாதீர்கள். கொஞ்சம் நடக்க விட்டு, மறுபடி இலை முன்னால் அழைத்து வாருங்கள்.

இனிப்பு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுகிறார் என்பது எனக்குக் கவலை தருகிறது. சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், குழப்பம், கோபம் வரும், வீட்டில் இருப்பவர்களுக்கு அது மறதி முற்றியது போலத்தான் தெரியும். வீட்டில் சர்க்கரை பார்க்கும் மெஷின் இருந்தால் குழப்பம் கூடுகிற நேரத்தில் ஒரு தடவை பாருங்கள். மெட்ஃபோர்மின் நீண்ட நாள் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையலாம், அதுவும் மறதியைக் கூட்டும். பி12, தைராய்டு இரண்டையும் ரத்தப் பரிசோதனையில் பார்க்கச் சொல்லி அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் கேளுங்கள். காதில் அழுக்கு, கண்ணில் புரை, மலச்சிக்கல், பல்வலி, மனச்சோர்வு என்று சரிசெய்யக்கூடிய எத்தனையோ காரணங்கள் அல்சைமரின் பெயரில் ஒளிந்துகொண்டிருக்கும். நேற்று வரை செய்த வேலையை இரண்டு மூன்று நாளில் திடீரென்று செய்ய முடியாமல் போனால் அதை நோயின் போக்கு என்று விடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, நெஞ்சுச் சளி, நீரிழப்பு இப்படிக் காட்டும். அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

சரி, தம்பி சொன்ன மாத்திரை விஷயம். தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். அல்சைமரில் அசெட்டைல்கோலின் என்ற ரசாயனம் மூளையில் குறைகிறது. டொனெபெசில் அது சீக்கிரம் சிதையாமல் தடுக்கிறது. பலன் சிறியதுதான், எல்லோருக்கும் கிடைப்பதும் இல்லை. ஆனால் அந்தப் பலனை அம்மா போன வருஷத்தைவிட மேலாக இருக்கிறாரா என்று பார்த்து அளக்க முடியாது. மாத்திரை இல்லாவிட்டால் எவ்வளவு இறங்கியிருப்பார் என்று யாருக்கும் கண்ணில் தெரியாது. அதற்காகத்தான் பிரிட்டனில் ஒரு ஆய்வு செய்தார்கள். 2012-ல் வெளிவந்த அதில், டொனெபெசில் சாப்பிட்டுக்கொண்டிருந்த, நோய் நடுநிலைக்கும் கடுமைக்கும் போய்விட்ட 295 பேரில் சிலருக்கு மாத்திரையைத் தொடர்ந்தார்கள், சிலருக்கு நிறுத்தினார்கள். தொடர்ந்தவர்களுக்கு நினைவும் அன்றாட வேலையும் நிறுத்தியவர்களைவிட மேலாக இருந்தன. நிறுத்தியவர்கள் முதல் வருஷத்தில் முதியோர் பராமரிப்பு இல்லத்துக்குப் போக நேர்ந்ததும் அதிகம் என்று பிற்பாடு தெரிந்தது. இதைத் தம்பிக்குப் படித்துக் காட்டுங்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை வேறு. வழக்கமாக 5 மில்லிகிராமில் தொடங்கி நான்கு முதல் ஆறு வாரத்துக்குப் பிறகு 10 ஆக உயர்த்துவார்கள். அம்மா எந்த அளவில் இருக்கிறார்? இரவில் கொடுக்கிறீர்களா? சிலருக்கு இரவு டோஸ் தெளிவான, உயிருள்ளது போன்ற கனவுகளைத் தரும், தூக்கமும் கலையும். நாலு மணிக்கு பெரட்டு என்று எழுவதில் அதற்கும் பங்கு இருக்கலாம். காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். குமட்டல், வயிற்றுப்போக்கு, எடை குறைவது, தலைசுற்றி விழுவது, நாடி மெதுவாவது இருந்தால் சொல்ல வேண்டும். வயிறு ஏற்காதவர்களுக்குத் தோலில் ஒட்டும் ரிவாஸ்டிக்மின் பட்டை இருக்கிறது. புதியதை ஒட்டுமுன் பழையதை உரித்துவிட வேண்டும், இதை மறக்கிற வீடுகள் உண்டு. நோய் நடுநிலையை எட்டினால் மெமாண்டின் என்ற இன்னொரு மருந்தைச் சேர்ப்பார்கள். இனிப்பு நீரால் சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் அதன் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று, வீட்டு மருந்து டப்பாவைக் கொட்டிப் பாருங்கள். சளி, அரிப்புக்கு வாங்கிய குளோர்பெனிரமின் இருந்தால் எடுத்து வையுங்கள். டொனெபெசில் கூட்ட முயலும் அதே அசெட்டைல்கோலினின் வேலையை இது தடுக்கிறது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கும் கதை. தூக்க மாத்திரை, அமைதிப்படுத்தும் மாத்திரை ஏதாவது யாராவது எழுதிக் கொடுத்திருந்தால் அதையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவை அரை மயக்கத்தில் வைத்து விழ வைக்கக் கூடியவை. ஆனால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, டாக்டர் சொல்லட்டும்.

அந்த 280 ரிங்கிட் டப்பா வேண்டாம். மூளைச் சத்து என்று விற்கிற எதுவும் அல்சைமர் உள்ளவரைத் தானாகக் குளிக்கவோ உடுத்தவோ வைத்ததற்கு நம்பகமான சான்று இல்லை. ஒரு விதிவிலக்கை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2014-ல் அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் 613 பேரிடம் நடந்த ஆய்வில், தினம் 2000 யூனிட் வைட்டமின் ஈ மட்டும் சாப்பிட்டவர்களுக்கு அன்றாடத் திறன் குறைவது கொஞ்சம் தாமதப்பட்டது. மெமாண்டினோடு சேர்த்துச் சாப்பிட்டவர்களிடம் அந்தப் பலன் இல்லை. அது மிகப் பெரிய அளவு, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தக் கசிவு ஆபத்து உண்டு. டாக்டரைக் கேட்காமல் கடையில் வாங்குகிற பொருள் இல்லை. அந்தப் பணத்தில் நாற்காலியும் ரப்பர் பாயும் கைப்பிடியும் வாங்குங்கள்.

நடையும் உடற்பயிற்சியும் உதவும் என்று நான் சொல்வது ஒப்புக்கு இல்லை. பின்லாந்தில் வீட்டில் துணையோடு வாழ்ந்த அல்சைமர் நோயாளிகள் 210 பேரிடம் ஒரு வருஷம் நடந்த ஆய்வு 2013-ல் வெளிவந்தது. வாரம் இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம், பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து கொடுத்த பயிற்சியைப் பெற்றவர்களுக்கு அன்றாடத் திறன் இறங்கும் வேகம் குறைந்தது, விழுவதும் குறைந்தது. நம் ஊரில் வாரம் இரண்டு தடவை வீட்டுக்கு வர ஆள் கிடைப்பது கஷ்டம். நாற்காலியைப் பிடிக்காமல் பத்து தடவை எழுந்து உட்காருவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகால் உயர்த்துவது, வெயில் தாழ்ந்த பிறகு கோயில் வரை உங்களோடு நடப்பது என்று தொடங்குங்கள். பெரிய சாலைப் பக்கம் தனியாக விட வேண்டாம். கையில் உங்கள் போன் நம்பர் பொறித்த வளையம் போடுங்கள், பக்கத்து வீடுகளிலும் காப்பிக் கடையிலும் சொல்லி வையுங்கள்.

பெரட்டு விஷயத்தில், தோட்டமே இப்போது இல்லை என்று வாதாடாதீர்கள். பல வருஷம் அந்த நேரத்தில் எழுந்த உடம்பு. விளக்கைப் போடுங்கள், மைலோவோ தேத்தண்ணியோ கொடுங்கள், "இன்னிக்கு என்ன வேலைம்மா?" என்று கேளுங்கள். பிறகு அந்த வேலையை வீட்டுக்குள்ளேயே கொடுங்கள். மடிக்கத் துணி, ஆய உருவிவைத்த முருங்கைக்கீரை, விடிந்ததும் வாசல் கூட்ட விளக்குமாறு. கூட்டிய இடத்தையே திரும்பக் கூட்டினால் கூட்டட்டும். பகலில் இரண்டு மணி நேரம் தூங்கினால் அரை மணியாகக் குறைத்துவிடுங்கள். கேஸ் அடுப்பை மட்டும் இரவில் சிலிண்டரிலேயே மூடிவிடுங்கள்.

இதையெல்லாம் நீங்கள் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அடுத்த சந்திப்பில், "ஆக்குபேஷனல் தெரபிக்கு எழுதிக் கொடுங்கள்" என்று வாய் திறந்து கேளுங்கள், கேட்காவிட்டால் பல நேரம் மாத்திரையோடு முடிந்துவிடும். நெதர்லாந்தில் 135 பேரிடம் நடந்து 2006-ல் வெளிவந்த ஆய்வில், ஐந்து வாரத்தில் பத்து தடவை தெரபிஸ்ட் வீட்டுக்குப் போய் நோயாளிக்கும் பார்த்துக்கொள்பவருக்கும் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார். நோயாளியின் அன்றாடத் திறன் கூடியது, பார்த்துக்கொள்பவரின் நம்பிக்கையும் கூடியது. அதையே ஜெர்மனியில் செய்தபோது, ஒரே ஒரு ஆலோசனைச் சந்திப்பு பெற்றவர்களைவிட மேலான பலன் தெரியவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. பிரிட்டனில் 475 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வில், நோயாளி தனக்கு முக்கியம் என்று சொன்ன சில வேலைகளை மட்டும் எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அந்த வேலைகள் மேம்பட்டன, பொதுவான ஞாபகம் மேம்படவில்லை. அதனால் நான் எப்போதும் சொல்வது: இரண்டே வேலை தேர்ந்தெடுங்கள். உங்கள் வீட்டில் குளியலும் சாப்பாடும். மற்றதில் இப்போதைக்கு நீங்கள் உதவிக்கொள்ளுங்கள்.

டாக்டரிடம் போகும்போது ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்: அம்மா தானாகச் செய்வது எது, சொன்னால் செய்வது எது, தொட்டுக் காட்டினால் செய்வது எது, செய்யவே முடியாதது எது. தேதி என்ன, நூறிலிருந்து ஏழைக் கழி என்று ஞாபகத்தைச் சோதிக்க அங்கே கேட்கிற கேள்விகள், தோட்டப் பள்ளியில் இரண்டு மூன்று வருஷம் மட்டும் படித்த பெண்மணியைப் பற்றி அரைகுறையாகத்தான் சொல்லும். உங்கள் தாள் அதைவிடத் தெளிவாகப் பேசும். ஓக்கேயு (மாற்றுத்திறனாளி) அட்டைக்கு அம்மா தகுதி பெறுவாரா என்றும் அன்றே டாக்டரிடம் கேளுங்கள், பாரத்தில் அவர் கையெழுத்து வேண்டும். பேச ஆள் தேவைப்பட்டால் பெட்டாலிங் ஜெயாவில் 1997-லிருந்து இயங்கும் மலேசிய அல்சைமர் நோய் அறவாரியம் இருக்கிறது.

கடைசியாகத் தம்பிக்கு. மாத்திரையைப் பற்றிக் கருத்துச் சொல்பவர் மாதம் ஒரு சனி ஞாயிறு வந்து, நீங்கள் வெளியே போயிருக்க, அம்மாவைத் தானே குளிக்க வைத்துப் பார்க்கட்டும். உங்களுக்கு அந்த இரண்டு நாள் தூக்கம் தேவை. பார்த்துக்கொள்பவர் களைத்துப்போனால் பத்து எண்ணுகிற பொறுமை முதலில் போய்விடும். அவர் வருவதற்கு முன் இந்தக் கடிதத்தில் குளியல் பகுதியை மட்டும் அவருக்கு அனுப்பி வையுங்கள்.

அன்புடன்,
அக்கா